பிள்ளை அறை மணி

அந்த மணி முன்பு ஒரு பள்ளிக்கூடத்து மணி. பித்தளையில் செய்தது, மரப்பிடி, வாயோரத்தில் ஒரு சின்னக் கீறல். பள்ளிக்கூடம் மூடப்பட்டபோது மிஷன்காரர் அதைத் தங்கள் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காங்கேசன்துறைக்குத் தெற்கே, ரயில் பாதையோரமாக இருந்த சிறிய ஆசுப்பத்திரி. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை.

காலை ஆறு மணி, பத்து மணி, பகல் இரண்டு, பின்னேரம் ஆறு, இரவு பத்து. இந்த ஐந்து நேரமும் பிள்ளைப்பேற்று வாட்டின் விறாந்தையில் அந்த மணி அடிக்கும். அடித்த பிறகுதான் வாட்டின் கடைசித் தொங்கலில் இருந்த பிள்ளை அறை திறக்கும். திறந்த பிறகுதான் பிள்ளைகள் தாய்மாரிடம் வரும். இருபது நிமிஷம் பால். பிறகு திரும்ப அறை, திரும்பப் பூட்டு. பூட்டின் சாவியான திறப்பு தாதி மரியநாயகியின் இடுப்பில்.

பதினொரு வருஷத்தில் அவள் முறையில் மணி ஒருநாளும் பிந்தியதில்லை. தன் முறை இல்லாத வேளையில் மற்றவள் இரண்டு நிமிஷம் சுணங்கினாலும் குவாட்டர்ஸ் யன்னலால் அவள் தலை தெரியும். தாதிமாரை மிசி என்று கூப்பிடுகிற ஊர்ச்சனம் அவளுக்கு வைத்த பெயர் மணிமிசி. அவளுக்கு அது தெரியும். கேட்டும் கேளாதவள் போல நடப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்.

மரியநாயகி கரையூர் என்றும் சொல்லுகிற குருநகரில், மீன்பிடிக்கிற சனத்தின் ஊரில், பிறந்தவள். தகப்பன் சிமியோன் இறால் வலை போடுகிறவன். ஐந்து பெண்களில் அவள் மூன்றாவது. அவளுக்கு ஒன்பது வயதானபோது தாய் ஆறாவதாக ஓர் ஆண்பிள்ளை பெற்றாள். முதல் மூன்று நாளும் வருகிற மஞ்சள் பால் பிள்ளைக்கு ஆகாது என்று அயல் பெண்டுகள் சொல்லிவிட்டார்கள். தாய் அதைச் சிரட்டையில் பீய்ச்சி வெளியில் ஊற்றினாள். பிள்ளைக்கு ஆமணக்கெண்ணெயும் சீனித்தண்ணியும். நாலாம் நாள் வெள்ளைப் பால் வந்தபோது பிள்ளைக்குச் சூப்பத் தெம்பு இல்லை. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. அந்த நாளெல்லாம் அதை மடியில் வைத்திருந்தவள் மரியநாயகி. பஞ்சைச் சீனித்தண்ணியில் தோய்த்து வாயில் வைத்தவளும் அவள்தான்.

ஆகவே ஆசுப்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்து, முதல் மஞ்சள் பாலைக் கொட்டக்கூடாது, பிள்ளை பிறந்ததும் கொடுக்க வேண்டும் என்று படித்தபோது, அவளுக்கு அது பாடமாகத் தெரியவில்லை. ஆரோ தன் வீட்டுக் கதையை அறிந்து எழுதி வைத்தது போல இருந்தது. அன்று தொட்டு ஆசுப்பத்திரிச் சட்டம் எதையும் அவள் கேள்வி கேட்டதில்லை. ஒன்று சரியென்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

மஞ்சள் பால் விஷயத்தில் அவள் ஊரோடு மல்லுக்கட்டினாள். பிள்ளைப்பேறு பார்க்க வந்த கிழவிகள் கூடிநின்று வசை பொழிந்தாலும் அசையமாட்டாள்.

“உது சீழெல்லோ, பிள்ளைக்கு வயித்தாலை போகும்” என்பார்கள்.

“சீழெண்டால் நான் குடிச்சுக் காட்டவோ?” என்பாள் மரியநாயகி. அதற்குமேல் கதை இராது.

அப்படி அவள் பிழைக்க வைத்த பிள்ளைகள் எத்தனையோ. அது பொய்யில்லை.

ஆனால் மணியும் பூட்டும் அதே புத்தகத்தில்தான் இருந்தன. தாதிமாருக்குத் தலைவியான மேற்றன் ஓர் இங்கிலீசுக்காரி. கெட்ட மனுஷி இல்லை. தன் கையாலேயே சீலை தோய்ப்பாள். பிள்ளையை முதல் நாளிலிருந்தே ஒழுங்குக்குப் பழக்க வேண்டும், அழுதவுடன் தூக்கினால் கெட்டுப்போகும், நாலு மணித்தியாலத்துக்குள் பால் கொடுத்தால் வயிறு பழுதாகும் என்பது அவள் படித்த படிப்பு. “அழட்டும். நெஞ்சு பெலக்கும்” என்று கொச்சைத் தமிழில் சொல்லுவாள். இடையில் அழுகிற பிள்ளைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் குளுக்கோஸ் கலந்து கரண்டியால் கொடுக்கலாம். தாயிடம் மட்டும் கொடுக்கக்கூடாது. தாயின் கையில் அழுக்கு, தாயின் சீலையில் கிருமி, தாய் நித்திரையில் பிள்ளைக்குமேல் புரண்டுவிடுவாள்.

வாட்டு ஆயா றோஸ் இதைப் பகிடியாகச் சொல்லுவாள்: “பெத்தது அவை, பிள்ளை எங்கடை.”

எல்லாரும் சிரிப்பார்கள். தாய்மாரும் சிரிப்பார்கள்.

*

ஏழாலையில் புகையிலைத் தோட்டம் செய்கிற ஏரம்பு தன் பெண்சாதி அருந்ததியைக் கூட்டிக்கொண்டு வந்தது 1937-ஆம் ஆண்டு ஐப்பசியில். இரண்டு நாளாக மழை. திருக்கல் மாட்டுவண்டியின் கிடுகுக் கூரை ஒழுகி அவள் சீலை நனைந்திருந்தது. இதற்கு முன் இரண்டு பிள்ளை. இரண்டும் வீட்டில்தான் பிறந்தன. ஒன்று பிறக்கும்போதே மூச்சில்லை. மற்றது ஆறாம் நாள் நெருப்பாய்ச் சுட்டுப் போய்விட்டது.

மூன்றாவதையும் வீட்டில்தான் பெறவேண்டும் என்று ஏரம்புவின் தாய் நின்றாளாம். ஏரம்பு தாயின் சொல்லைத் தட்டியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். அவன் வாட்டு வாசலில் நின்று தலைத்துண்டைக் கையில் எடுத்தான்.

“மிசி, இதையும் விட்டால் உவள் தாங்கமாட்டாள். இஞ்சை சாமான் எல்லாம் அவிச்செடுத்துத்தான் பாவிக்கிறவையாம். உங்கடை கையிலை தாறன்.”

“நீங்கள் பயப்பிடாதையுங்கோ. நாங்கள் பாப்பம்” என்றாள் மரியநாயகி.

இந்த இடத்தில் அவளைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். தோட்டக்கார வெள்ளாளர் வீட்டுப் பெண்களோடு அவள் ‘நீங்கள்’ போட்டுத்தான் கதைப்பாள். கடற்கரைப் பெண்களோடு ‘நீ’, ‘எடி’. மரியாதையால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை அது. வேலைக்கு வந்த புதிதில், பிள்ளை பெற்றுக் களைத்துக் கிடந்த ஒரு வாத்தியார் பெண்சாதிக்கு அவள் பேணியில் தண்ணி நீட்டினாள். பக்கத்தில் இருந்த மாமியார் அதை வாங்கினாள். ஒரு சொல்லும் சொல்லாமல் யன்னலால் குரோட்டன் செடியடியில் ஊற்றினாள். தங்கள் செம்பிலிருந்து வார்த்துக் கொடுத்தாள். “கரையூர்ப் பிள்ளையோ?” என்று மட்டும் பிறகு கேட்டாள், நல்ல குரலில்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு மரியநாயகி ஒருத்தருக்கும் அந்த வேலையை வைக்கவில்லை. தண்ணி வேண்டுமென்றால், “உங்கடை ஆக்களைக் கூப்பிடட்டோ?” என்று தானே முந்திக்கொள்வாள். ஆரும் ஒதுக்க முதல் தானே ஒதுங்கிவிட்டால் ஒதுக்கப்பட்ட மாதிரி இராது. பதினொரு வருஷத்தில் அது பழக்கமாகி, பழக்கம் குணமாகி, அவளுக்கே தெரியாமல் போய்விட்டது.

பெண்பிள்ளை. நாலரை றாத்தல்தான். ஒன்பதாம் மாதம் பிறந்த உடனேயே வந்துவிட்டது. கைவிரல்கள் வெங்காயத் தாள் போல. ஆனால் அழுதது, நன்றாக அழுதது. இரண்டு பிள்ளை அழாமலும் அழுதும் போனதைக் கண்ட அருந்ததி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மாமியார் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னாள். மரியநாயகி வழக்கம்போல் நின்று வென்றாள். பிள்ளையைத் தாயின் மார்பில் வைத்து, அதன் வாயைச் சின்னவிரலால் திறந்து, அது இரண்டு இழுவை இழுத்ததைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள். முப்பத்தோராம் நாள் சடங்கு கழியாத பிள்ளைக்குப் பெயர் இல்லை. மேற்றனின் புத்தகத்தில் ‘ஏழு’ என்று எழுதினாள். ஏழு என்று எழுதிய சீலைத்துண்டைக் காலில் கட்டினாள். இருபது நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போனாள்.

*

அருந்ததிக்குக் கிடைத்த கட்டில் பிள்ளை அறைச் சுவரோடு ஒட்டியது. அடுத்த கட்டிலில் மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து வந்த லூர்த்தம்மா. நாலாவது பிள்ளை பெற்றவள். பெருத்த உடம்பு, பெருத்த குரல், பெருத்த மார்பு. அவள் பையன் எட்டு றாத்தல். மணி அடித்தால் முதலில் குடித்து முடிப்பவன் அவன்தான். ஆனாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் அவள் சட்டை நனைந்துவிடும்.

“மிசி, உந்த மணியை இஞ்சையும் ஒருக்கால் காட்டுங்கோ” என்று தன் நெஞ்சைக் காட்டுவாள். “உதுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாது.”

“எடி லூர்த்து, வாயை மூடு.”

“ரயில் வாற மாதிரி நேரத்துக்கு வரச் சொல்லுறியள். என்ரை மனுசன்கூட அப்பிடி வாறேல்லை.”

வாட்டு முழுக்கச் சிரிப்பு. அருந்ததியும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது மூன்றாம் நாள்.

நாலாம் நாள் அவளுக்கும் பால் வந்தது. மார்பு கல்லாய்க் கட்டிக் கை தூக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. ஏழெட்டுப் பிள்ளைகள் அழுகிற அறையில் தன்னுடையதை அவள் தனியாகப் பிரித்தெடுத்தாள். கேட்டதும் சட்டையின் முன்பக்கம் ஈரமானது.

“மிசி, உது என்ரை.”

“எல்லாம் அழுகுதுதானே. நேரம் வரட்டும்.”

“ஒருக்கால் கதவைத் திறவுங்கோ மிசி. ஒருக்கால். ஒருதருக்கும் சொல்லமாட்டன்.”

“அழுதால் நெஞ்சு விரியும். உங்கடை பிள்ளை சின்னன், அதுக்கு நெஞ்சு பெலக்க வேணும். படுங்கோ.”

கோபமாகச் சொல்லவில்லை. போர்வையை இழுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

இரண்டு மணி அடித்துப் பிள்ளையைக் கொண்டுவந்தபோது அது நல்ல நித்திரை. ஒரு மணித்தியாலம் அழுது களைத்து, கரண்டியால் குளுக்கோஸ் தண்ணி குடித்து, அப்போதுதான் கண்ணை மூடியிருந்தது. மரியநாயகி அதன் உள்ளங்காலைச் சுண்டினாள். ஈரப்பஞ்சால் முகத்தைத் துடைத்தாள். பிள்ளை வாயை வைத்தது, இரண்டுதரம் சப்பியது, விட்டுவிட்டது. இருபது நிமிஷம் அப்படியே போனது. அருந்ததி பீய்ச்சிய பாலை றோஸ் எனாமல் பேசினில் ஏந்திக் கொண்டுபோய்க் குரோட்டன் அடியில் ஊற்றினாள்.

“பார் அக்கை, உந்தப் பத்தை என்ன கொழுப்பாய் வளருது” என்றாள் றோஸ்.

அன்று பின்னேரமும் அப்படி. அடுத்த நாளும் அப்படி. மணி அடிக்கும்போது நித்திரை. மணிக்கு நடுவில் அழுகை. தராசில் நாலரை நாலே கால் ஆனது, பிறகு நாலு ஆனது. ஆறாம் நாள் அருந்ததியின் மார்பு இளகிவிட்டது. வலி நின்றதற்கு அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு அழுத்திப் பார்த்தாள். இரண்டு சொட்டு.

அன்றுதான் மரியநாயகி அவள் கட்டிலின் கீழே ஒரு எனாமல் கோப்பையைக் கண்டாள். நீல விளிம்பு, ஓரத்தில் துரு, கழுவாத கோப்பையில் மஞ்சளும் உள்ளியும் மணக்கச் சுறாமீன் வறை ஒட்டியிருந்தது.

“இதென்ன? வெளிச்சாப்பாடு கொண்டரக் கூடாதெண்டு சொன்னனானெல்லோ?”

“பாலூறும் எண்டு…” அருந்ததி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேற்றன் கண்டால் எனக்கெல்லோ பேச்சு. உங்கடை மாமியிட்டைச் சொல்லி வையுங்கோ.”

லூர்த்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அருந்ததி கண்ணால் அவளைத் தடுத்தாள். மரியநாயகி அதையும் கண்டாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். செய்யவேண்டிய வேலை கிடந்தது.

தாயிடம் பால் வற்றிவிட்டதாக அவள் புத்தகத்தில் எழுதினாள். மேற்றன் தகரத்தில் அடைத்து வருகிற ரின்பால் கொடுக்கச் சொன்னாள். போத்தலும் சூப்பியும் அவித்து எடுத்ததுதான், தண்ணியும் காய்ச்சியதுதான். இரண்டாம் நேரமே பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. எட்டாம் நாள் காலையில் உச்சிக்குழி கிண்ணம் போல் இறங்கியிருந்தது. அழுகையும் குறைந்துவிட்டது. முன்பு சுவரைத் தாண்டி வந்த சத்தம், இப்போது கதவடியில் நின்றால்தான் கேட்கும்.

அந்த நாள் பதினொரு மணியளவில் அருந்ததி கிணற்றடிக்குப் போயிருந்தாள். லூர்த்தம்மா கட்டிலில் எழுந்து இருந்தாள். வழக்கமான பகிடி முகம் இல்லை.

“மிசி, இஞ்சை ஒருக்கால் வாங்கோ.”

“என்னடி?”

“எனக்கு ரெண்டு பிள்ளைக்குக் காணும். அந்தச் சின்னனை என்னட்டைத் தாங்கோ.”

மரியநாயகி திரும்பி விறாந்தையைப் பார்த்தாள். ஆரும் இல்லை.

“விசர்க்கதை கதையாதை.”

“என்ன விசர்? எனக்கு வீணாய்ப் போகுது. அதுக்கு வேணும். அவ்வளவுதானே?”

“அவை ஆர், நாங்கள் ஆர்? நீ மயிலிட்டி, நான் குருநகர். அவையின்ரை பிள்ளைக்கு எங்கடை பாலோ? மாமி மனிசி வந்து ஆசுப்பத்திரியைக் கிளப்பிப்போடும்.”

“மாமியை விடுங்கோ. தாயைக் கேட்டுப் பாருங்கோவன்.”

“கேட்டு வாங்கிற பேச்சு ஆருக்கு? உனக்கில்லை, எனக்கு. நீ நாளையிண்டைக்குப் போயிடுவாய். நான் இஞ்சைதானே கிடக்க வேணும்.”

“நான் கேக்கட்டோ, அப்ப?”

“கேட்டியெண்டால் மேற்றனிட்டைச் சொல்லி உன்னை இண்டைக்கே துண்டு வெட்டி அனுப்புவன். தெரியும்தானே?”

“பிள்ளைக்கு வாயிலை வைச்சால், இது மயிலிட்டியோ ஏழாலையோ எண்டு தெரியுமே மிசி?” என்று சொல்லிவிட்டு லூர்த்தம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அருந்ததி குளித்துவிட்டு வந்தாள். மரியநாயகி அவள் கட்டிலடிக்குப் போனாள். கேட்க வேண்டும் என்றுதான் போனாள். அதை அவள் பிறகும் உறுதியாகச் சொல்லுவாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். விரிப்பின் சுருக்கை இழுத்துவிட்டாள். வாய் திறந்தது.

“தலை சுத்துதோ?”

“இல்லை மிசி.”

“குளிர்ந்த தண்ணியிலை நிக்காதையுங்கோ.”

அவ்வளவுதான். மேற்றனிடமும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கிருமி, நோய் என்று மேற்றன் மறுத்திருப்பாள் என்று பிற்காலத்தில் மரியநாயகி தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்ததுண்டு. அதுவும் கேட்காமலே தானாக எடுத்துக்கொண்ட முடிவுதான் என்பது கொஞ்சம் யோசித்தால் தெரிந்துவிடும். ஆகையால் அந்தத் தேறுதல் நெடுநேரம் நிற்பதில்லை.

*

ஒன்பதாம் நாள். பகல் ஒரு மணி ஆக இன்னும் இருபது நிமிஷம்.

மரியநாயகி பிள்ளை அறையில் தனியாக இருந்தாள். ஏழாம் நம்பருக்குக் கரண்டியால் குளுக்கோஸ் தண்ணி வைத்தாள். தண்ணி கடைவாயால் வழிந்தது. பஞ்சு எடுத்தாள். பஞ்சைத் தண்ணியில் தோய்த்து உதட்டில் வைத்தபோது அவள் கை நின்றது. குருநகர் வீட்டில் ஒன்பது வயதில் செய்த அதே வேலை. அதே சீனித்தண்ணி. பெயர் மட்டும் வேறு.

பிள்ளை ஒருதரம் மூச்சை இழுத்தது. அடுத்த மூச்சுக்கு அவள் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள்.

பிறகு சீலையை மாற்றினாள். முகத்தைத் துடைத்தாள். காலில் கட்டிய இலக்கத்தை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். இறந்த பிள்ளையைத் தாயிடம் கொண்டுபோவது சட்டம் இல்லை. மேற்றனுக்கு அறிவித்து, தகப்பனைக் கூப்பிட்டு, பின்வாசலால் கொடுப்பதுதான் வழக்கம். அவள் திறப்பை எடுத்தாள். மணி அடிக்காமல் அந்தக் கதவால் ஒரு பிள்ளை தாயிடம் போனது அன்றுதான் முதல் தடவை.

வாட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அருந்ததி எழுந்து உட்கார்ந்தாள். மரியநாயகி பிள்ளையை ஏந்திக்கொண்டு தன்னிடம் வருவதைக் கண்டாள். நேரமில்லாத நேரத்தில், தான் நாலாம் நாளிலிருந்து கெஞ்சிக் கேட்டபடி, மிசி மனம் இரங்கிக் கொண்டுவருகிறாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பாயிற்று. ஒரு கையை நீட்டிக்கொண்டு, மற்றக் கையால் அவசரமாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.

மூன்றாவது பொத்தானில் கை நின்றது.

அவள் குளறி அழவில்லை. பிள்ளையை வாங்கினாள். மார்போடு வைத்தாள். பொத்தான்களைத் திரும்பப் பூட்டவில்லை. லூர்த்தம்மாதான் தன் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, சீலைத் தலைப்பை எடுத்து அவளை மூடிவிட்டாள்; மூடிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு, வாட்டு இடியக் குளறினாள். மரியநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு மணிக்கு மணி அடித்ததும் அவள்தான். மற்றப் பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமே.

மூன்று மணிக்கு ஏரம்பு வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துப் பிள்ளையை அதில் சுற்றினான். அவன் ஏதாவது பேசிவிட்டால் நல்லது என்று மரியநாயகி நினைத்தாள். “நாளைக்கு வண்டி கொண்டாறன், அவளைக் கூட்டிக்கொண்டு போக” என்றான். “உங்களிலை பிழை சொல்லேலாது, மிசி. நீங்கள் எல்லாம் செய்தனீங்கள்.”

அந்தச் சொல்லை அவள் ஆயுளுக்கும் மறக்கவில்லை.

அடுத்த நாள் காலை வண்டி வாசலில் நின்றது. அருந்ததி தன் மூட்டையைக் கட்டினாள். கட்டிலின் கீழிருந்து அந்த நீல விளிம்புக் கோப்பையை எடுத்தாள். பைப்படிக்குப் போய்ச் சாம்பல் போட்டு மினுக்கிக் கழுவினாள். அதை மூட்டைக்குள் வைக்கவில்லை. அடுத்த கட்டிலில் லூர்த்தம்மாவின் காலடியில் வைத்தாள்.

“இந்தாங்கோ அக்கா. மாமியிட்டைச் சொல்லுங்கோ, நல்லாய்த்தான் சமைச்சிருந்தவா எண்டு.”

வீட்டுக்கு விடுகிற துண்டை எழுதிக்கொண்டு நின்ற மரியநாயகி நிமிர்ந்தாள்.

“உது ஆரின்ரை கோப்பை?”

“அக்காவின்ரை” என்றாள் அருந்ததி. “அவவின்ரை மாமி அவவுக்குக் கொண்டந்த சுறா. மூண்டு நாளும் பாதி எனக்குத் தந்தவா.”

“நீங்கள்… சாப்பிட்டனீங்களோ?”

“ஓம். ஏன்?”

லூர்த்தம்மாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. “ஒரே கோப்பையிலை திண்டனாங்கள், மிசி. நீங்கள் கண்டனீங்கள். கண்டிட்டு மேற்றன் பேசுவா எண்டீங்கள்.” பிறகு அருந்ததியின் பக்கம் திரும்பினாள். “நான் மிசியிட்டைக் கேட்டனானடி, ராசாத்தி. உன்ரை பிள்ளையை என்னட்டைத் தாங்கோ எண்டு முந்தநாள் கேட்டனான். நீ கிணத்தடியிலை நிண்டனி. உங்கடை ஆக்கள் சம்மதிக்கமாட்டினமாம்.”

அருந்ததி மரியநாயகியைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. இது எப்படி நடந்தது என்று விளங்காத பார்வை.

“என்னைக் கேட்டிருக்கலாமே, மிசி” என்றாள்.

ஏரம்பு வாசலில் நின்று கூப்பிட்டான். ஆசுப்பத்திரியை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற ‘போட்டு வாறம்’ என்ற சொல்லைச் சொல்லாமல் இருவரும் வண்டியில் ஏறினார்கள்.

*

அதற்குப் பிறகு மரியநாயகி வேலையை விட்டுவிட்டாள் என்றோ, மணியைத் தூக்கி எறிந்தாள் என்றோ சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பின்னால் இரண்டு தங்கச்சிமாரும் இருந்தார்கள். அவள் மணி அடித்தாள், நேரம் தவறாமல்.

ஆனால் கேட்கப் பழகினாள். பால் இல்லாத தாயின் கட்டிலடிக்குப் போய் நின்று, “இன்ன கட்டிலிலை இன்ன ஊராளுக்குப் பால் கிடக்கு. உங்கடை பிள்ளைக்குக் குடுக்கட்டோ?” என்று பச்சையாகக் கேட்டாள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். மாமியார்மார் சிலர், “கரையூராளுக்கு வந்த திமிரைப் பாருங்கோவன்” என்று அவள் காதில் விழவே சொன்னார்கள். ஒருத்தி செம்புத் தண்ணியை அவள் காலடியில் கொட்டினாள். மரியநாயகி காலைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய் அங்கேயும் கேட்டாள். ஓம் என்றவர்களும் இருந்தார்கள். அதிகம் பேர் இல்லை. அவள் நினைத்ததைவிட அதிகம்.

இன்னொன்றும் நடந்தது. பகல் முறையில் அவள் நிற்கும்போது பிள்ளை அறைத் திறப்பு இடுப்பில் இராது. கதவோரத்து ஆணியில் தொங்கும். அவள் ஊசி அவிக்கப் போய்விடுவாள். அவித்து முடிக்க அவளுக்கு நெடுநேரம் எடுக்கும். அவள் திரும்பி வரும்போது ஒன்றிரண்டு பிள்ளைகள் தொட்டிலில் இராமல் தாய்மாரிடம் இருக்கும். அவள் காணாதவள் போல நடந்துபோவாள். மணிமிசிக்கு வயது போகுது, கண் தெரியுதில்லை என்று றோஸ் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து.

மேற்றனுக்குக் கண் நன்றாகத் தெரியும். 1941-இல் மரியநாயகியைக் கூப்பிட்டு, ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். காய்ச்சல் வாட்டுக்கு மாற்றினாள். மணியும் திறப்பும் மீனாம்பிகை என்ற புதுப் பிள்ளைக்குப் போயின. நல்ல பிள்ளை, மரியநாயகியே பழக்கிய பிள்ளை. ஒரு நிமிஷம் பிந்தமாட்டாள்.

காய்ச்சல் வாட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம். அங்கே கடைசி ஐந்து வருஷம் இருந்தாள். மணிச்சத்தம் நன்றாகக் கேட்கும். மணிகளுக்கு நடுவில் வருகிற சத்தமும் கேட்கும். அருந்ததிக்குப் பிறகு பிள்ளை இல்லை என்று ஏழாலையிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒரு பெண்பிள்ளை சொன்னாள். மரியநாயகி அவளிடம் வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை.

அவள் ஆசுப்பத்திரியை விட்டுப் போக ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு காலை, ஒரு பிள்ளை விடாமல் அழுதது. மெல்லிய குரல். சின்னப் பிள்ளை என்று கேட்டவுடனே அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்ததை வைத்துவிட்டு முற்றத்தைத் தாண்டிப் போனாள். பிள்ளை அறை வாசலில் மீனாம்பிகை புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவு பூட்டியிருந்தது.

“என்னக்கா, இஞ்சாலை?”

“தாயிட்டைக் குடு.”

“இன்னும் இருபது நிமிசம் கிடக்கு.”

“தெரியும். தாயைக் கேட்டனியோ?”

“மேற்றன்தான்…”

“மேற்றனை இல்லை. தாயை.”

மீனாம்பிகை எழுதுகோலை வைத்தாள். அவள் கை தன் இடுப்புக்குப் போனது, திறப்பைத் தொட்டது. விறாந்தையின் மறுதொங்கலைப் பார்த்தாள், மேற்றனின் அறை அங்கே. கையை எடுத்துவிட்டாள்.

“நீங்கள் பழக்கினதுதானேக்கா” என்றாள் மெதுவாக.

மரியநாயகி வாசலோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். சுவருக்கு இந்தப் பக்கக் கட்டிலில் ஒருத்தி எழுந்து குந்தியிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டை நனைந்திருந்தது.

பத்து மணி ஆக மூன்று நிமிஷம் இருக்கும்போது அழுகை நின்றது.

மீனாம்பிகை நேரத்துக்கு மணி அடித்தாள். கதவு திறந்தது. பிள்ளை வந்தபோது நல்ல நித்திரை.